விமானத் தூரமும் பயண நேரமும் கணக்கிட்டுத் தரும் தளங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியோருக்கு,

வணக்கம். சென்னையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பயண ஏற்பாட்டுத் தொழில் செய்துவரும் நான், உலகின் எந்த இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தாலும் அவற்றுக்கு இடையிலான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நொடியில் கணக்கிட்டுத் தரும் தளங்களை நடத்தும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் எவர் பெயரையும் நான் குறிப்பிடப் போவதில்லை. ஏனெனில் நான் சொல்ல வந்த குறை ஒருவரிடம் மட்டும் உள்ளது அன்று. நான் பார்த்த தளங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே விதமாக இருக்கிறது. உங்கள் பக்கங்களால் நாள்தோறும் பயன்பெறுபவர்களில் நானும் ஒருவர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு நேரம், துபாயிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம் என்று வாடிக்கையாளர் கேட்டால் உங்கள் கணக்கைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறேன், அந்தப் பதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. பெரிய ஊர்களுக்கு இடையே சரியாக இருக்கும் அந்தக் கணக்கு, சிறு தீவுகளுக்கு இடையே வந்ததும் அடியோடு தவறிப் போகிறது. அதுவும் நம்பும்படியான ஓர் எண்ணாக வெளிவருவதால் தவறு என்றே யாருக்கும் தெரிவதில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னி என்றொரு தீவுக் கூட்டம் இருக்கிறது. எழுபது தீவுகள் அளவில் உள்ள அக்கூட்டத்தில் மக்கள் வாழ்பவை ஏறத்தாழ இருபது. கர்க்வால் அதன் தலைநகர். அதற்கு வடக்கே வெஸ்ட்ரே, அதையொட்டிக் கடலுக்கு அப்பால் பாப்பா வெஸ்ட்ரே. பின்னதை அவ்வூர் மக்கள் பாப்பே என்று சுருக்கி அழைக்கிறார்கள். வெஸ்ட்ரேயில் அறுநூறு பேர் அளவிலும், பாப்பேயில் நூறு பேருக்கும் குறைவாகவும் வாழ்கிறார்கள். இரண்டிலும் ஆளுக்கொரு சிறிய விமானத் தளம் உண்டு. அவற்றுக்கு இடையிலான தூரம் சுமார் 2.7 கிலோமீட்டர். கால அட்டவணைப்படி இயங்கும் பயணிகள் விமான வழிகளில் உலகிலேயே மிகக் குறுகியது இதுதான். லோகன்ஏர் நிறுவனம் 1967 முதல் இதை இயக்கி வருகிறது. சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதையே மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம் என்பதை நினைத்துப் பார்த்தால், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் இந்த முழுப் பயணமும் நம் ஓடுபாதைக்குள்ளேயே அடங்கிவிடும் என்பது விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் கிளாஸ்கோவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது, பாப்பேக்கும் போய்வர விரும்பினார்கள். அங்கே நாப் ஆஃப் ஹோவர் என்ற இடத்தில் கி.மு. 3700 அளவில் கட்டப்பட்ட கல்வீடு ஒன்று, சுவரும் வாசலும் நிற்க, கடலோரத்தில் இன்றும் இருக்கிறது. வடமேற்கு ஐரோப்பாவில் இன்னும் நிலைத்து நிற்கும் கல்வீடுகளில் மிகப் பழையதாகக் கருதப்படுவது. ஐயா அதைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்து வைத்திருந்தார். ஏற்பாட்டை நான் செய்தேன். உங்களில் ஒருவருடைய பக்கத்தைத் திறந்து இரண்டு தீவுகளின் பெயரையும் இட்டேன். தூரம் 3 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 30 நிமிடம் என்று வந்தது. அதற்குக் கீழே, காரில் போனால் எவ்வளவு நேரம் என்றும் ஒரு வரி இருந்தது. இரண்டு தீவுகளுக்கும் நடுவில் இருப்பது கடல் என்பதும், அங்கே பாலம் எதுவும் கிடையாது என்பதும் அந்தப் பக்கத்துக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வரியைப் பார்த்தபோதே நான் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. அது என் தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

அரை மணி நேரப் பறப்பு என்று ஒரு பக்கம் சொல்லும்போது, என் தொழிலில் இருப்பவர் மனத்தில் ஒரு படம் தானாகவே எழுகிறது: இரு தனி ஊர்கள், இரண்டுக்கும் நடுவே போய்வரும் ஒரு தனி விமானம், ஒரு நாளைக்குச் சில முறை. அந்தப் படத்தை நம்பி, காலையில் கர்க்வாலிலிருந்து படகில் வெஸ்ட்ரே, பிற்பகலில் அங்கிருந்து விமானத்தில் பாப்பே, மறுநாள் அங்கிருந்து கர்க்வால் என்று திட்டமிட்டு, தங்கும் அறைக்கும் பணம் கட்டிவிட்டேன். அதன் பிறகு விமானத்தில் இருக்கை கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. அங்கே ஓடுவது தனி விமானம் அன்று. கர்க்வாலில் கிளம்பும் ஒரே விமானம் இரண்டு தீவுகளிலும் இறங்கி ஏறிச் சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. அந்தச் சுற்றின் ஒரு துண்டுதான் நான் தேடிய வழி. நான் கேட்ட பிற்பகலில் சுற்று எதிர்த்திசையில் இருந்தது, அதாவது விமானம் முதலில் பாப்பேயில் இறங்கி அதன் பிறகே வெஸ்ட்ரேக்கு வரும். வெஸ்ட்ரேயில் ஏறிப் பாப்பேயில் இறங்க அன்று பிற்பகலில் வழியே இல்லை. காலைச் சுற்றில் எட்டு இருக்கைகளும் நிரம்பிவிட்டன. அந்த விமானத்தில் மொத்தமே எட்டுப் பயணிகளுக்குத்தான் இடம்.

கர்க்வாலிலிருந்து வரும் படகு வெஸ்ட்ரேயின் தென்முனையான ராப்னெஸில் இறக்கிவிடுகிறது, விமானத் தளமோ தீவின் வடமுனையில் இருக்கிறது. அந்த வயதான தம்பதியர் வெஸ்ட்ரேயில் ஓர் இரவு கூடுதலாகத் தங்கி, மறுநாள் பியரோவால் துறையிலிருந்து சின்னப் படகில், முழங்கால் வலியோடு, அலையில் ஆடும் படிக்கட்டில் கால்வைத்து ஏறி, இருபத்தைந்து நிமிடத்தில் பாப்பே போய்ச் சேர்ந்தார்கள். அங்கிருந்து கர்க்வால் திரும்பும் விமானத்துக்கு நேரம் ஆகிவிட்டதால், ஐயா பல ஆண்டுகள் காத்திருந்து பார்க்கப் போன அந்தக் கல்வீட்டின் முன் நின்றது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அவர் என்னிடம் ஒரு சொல் கோபமாகப் பேசவில்லை. "போனோம், பார்த்தோம், போதும்மா" என்றார். அந்தச் சொல்தான் இந்த மடலை எழுதவைக்கிறது.

உங்கள் 30 நிமிடம் எப்படி வந்தது என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். இரு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை எடுத்து, பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாகக் கொண்டு, மேற்பரப்பில் அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளத்தைக் கணக்கிடுகிறீர்கள். அந்த நீளத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற ஜெட் வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் சேர்த்து அரை மணி நேரத்தைக் கூட்டிவிடுகிறீர்கள். சென்னை–லண்டன் போன்ற நெடுந்தூரத்துக்கு இந்த முறையில் பெரிய பழுது இல்லை. 2.7 கிலோமீட்டரை 800-ஆல் வகுத்தால் வருவது 12 நொடி. ஆக, நீங்கள் காட்டும் 30 நிமிடத்தில் அந்தத் தூரத்துக்கு உரியது வெறும் 12 நொடி. மீதி முழுவதும் எல்லா ஊருக்கும் பொதுவாக ஒட்டப்படும் அரை மணி நேரம். நீங்கள் காட்டியது அவ்விரு தீவுகளைப் பற்றிய செய்தியே அன்று.

உண்மையில் அங்கே பறப்பது ஜெட் விமானம் அன்று. பிரிட்டன்–நார்மன் ஐலேண்டர் என்ற, இரண்டு பிஸ்டன் எஞ்சின் கொண்ட சிறு விமானம். அதன் சீர்வேகம் மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கணக்கிட்டால் 2.7 கிலோமீட்டருக்கு 40 நொடி ஆகும். ஆனால் சீர்வேகத்தை எட்டுவதற்கு முன்பே இறங்கும் நேரம் வந்துவிடுவதால் அதுவும் நடப்பதில்லை. அட்டவணையில் இந்த வழிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். காற்று நன்றாக இருந்தால் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். இவ்வழியில் 12,000 தடவைக்கு மேல் பறந்து 2013-இல் ஓய்வுபெற்ற விமானி ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் ஒருமுறை 53 நொடியில் கடந்தார், அதுவே சாதனையாக இருக்கிறது. 53 நொடி என்றால் சராசரி வேகம் மணிக்கு 183 கிலோமீட்டர். ஒன்றரை நிமிடம் என்றால் 108. இரண்டு நிமிடம் என்றால் 81, அதாவது நம் நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்தின் வேகம். ஒரே விமானம், ஒரே வழி, காற்று மாறினால் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் வழியில் இப்படி ஒருநாளும் நேராது.

அந்தத் தம்பதியர் திரும்பி வந்த பிறகு, அடுத்த ஆண்டு வேறொரு வேலையாக ஸ்காட்லாந்து போக நேர்ந்தபோது, நானே அந்த விமானத்தில் போனேன். என் கண்ணால் பார்க்காமல் இன்னொருவருக்கு அந்த வழியைச் சொல்லக் கூடாது என்று தோன்றியது. வெஸ்ட்ரே தளத்தில் ஒரு சிறு கட்டடமும் ஒரு தீயணைப்பு வண்டியும் இருந்தன. வண்டியோடு நின்றவர்கள் அந்த ஊர்க்காரர்கள். விமானம் வரும் நேரத்துக்கு வந்து உடுப்பை மாட்டிக்கொண்டு நின்று, அது போனதும் தம் வேலைக்குத் திரும்புகிறவர்கள். விமானி ஒருவரே. அவரே திரும்பிப் பார்த்து இருக்கைப் பட்டையைப் போடச் சொன்னார், அவரே கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். நான் அவருக்கு நேர் பின்னால் இருந்தேன். அவர் தோளுக்கு மேலாக முன்கண்ணாடி வழியே இரண்டாவது தீவு அப்போதே தெரிந்தது. ஓடுபாதைச் சரளை சக்கரத்தில் கரகரத்தது, பிறகு அந்தச் சத்தம் நின்றது. கீழே கற்சுவர் எழுப்பிய வயல்கள், அடுத்து வெள்ளை நுரையோடு சுழலும் நீரோட்டம், அடுத்து மறுபடியும் கற்சுவர். எஞ்சின் ஓசை தணிந்தது. சக்கரம் தரையை விட்டதிலிருந்து தொட்டது வரை என் கைக்கடிகாரத்தில் 1 நிமிடம் 40 நொடி. என் பக்கத்தில் இருந்த பெண்மணி மளிகைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒருமுறைகூட வெளியே பார்க்காமல் வந்தார். அவருக்கு அது நம் ஊர் நகரப் பேருந்து.

அங்கே இருந்தபோதுதான், தூரத்துக்கான எண்ணும் அவ்வளவு நேரானது அன்று என்று புரிந்தது. உங்களில் ஒருவர் 2.7 என்கிறார், இன்னொருவர் 2.8, மற்றொருவர் 3. கணக்கில் பிழை இல்லை; எடுத்துக்கொண்ட புள்ளிகளில்தான் வேறுபாடு. அட்சரேகையை இரண்டு தசம இடத்தோடு நிறுத்திக்கொண்டால் ஒரு புள்ளி அரைக் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடக்கூடும். இரு முனைகளிலும் அப்படி நகர்ந்தால் ஒரு கிலோமீட்டர். சென்னை–டெல்லிக்கு இடையே ஒரு கிலோமீட்டர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? இங்கேயோ அது மொத்த வழியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மேலும், நீங்கள் அளப்பது நிலையத்தின் குறிப்புப் புள்ளியிலிருந்து குறிப்புப் புள்ளிக்கு. விமானம் கிளம்புவதோ காற்றுக்கு எதிராக, எந்த ஓடுபாதை அன்றைக்கு வாய்க்கிறதோ அதன் நுனியிலிருந்து. முதன்மை ஓடுபாதைகளே அரைக் கிலோமீட்டர் அளவுதான் என்றாலும், போக வேண்டிய தூரமே 2.7 கிலோமீட்டர் எனும்போது, எந்தப் பக்கமாக ஏறி, எந்தப் பக்கமாக வளைந்து இறங்குகிறது என்பதைப் பொறுத்துப் பறந்த தூரம் வெகுவாகக் கூடிவிடும். ஆகவே இப்படிப்பட்ட இடங்களில் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு, மூன்று இலக்கம் காட்டுவது படிப்பவருக்குப் பொய்யான உறுதியைத் தருகிறது. "சுமார் 3 கிலோமீட்டர்" என்பதே நேர்மையான விடை.

பழந்தமிழர் வழக்கில் நாழிகைவழி என்றோர் அளவு உண்டு. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், ஒருவர் நடந்தால் கடக்கும் தொலைவு. ஏறத்தாழ ஒன்றரை மைல். வெஸ்ட்ரேக்கும் பாப்பேக்கும் நடுவே இருப்பது கிட்டத்தட்ட ஒரு நாழிகைவழிதான். தூரத்தையும் நேரத்தையும் ஒரே சொல்லில் கட்டிய அந்த அளவில் ஒரு நேர்மை இருக்கிறது: யார், எதனால், எப்படிப் போகிறார் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நடப்பவருக்கான நேரம் அது, குதிரைக்கானது அன்று என்று கேட்டவருக்குத் தெரியும். உங்கள் பக்கங்களில் நான் காணாதது இதைத்தான். 30 நிமிடம் என்கிறீர்கள். எந்த விமானத்துக்கு, எந்த நிலையிலிருந்து எந்த நிலை வரை என்று சொல்வதில்லை.

விமானத் தொழிலில் இருப்பவர்கள் நேரத்தை ஒரே எண்ணாகச் சொல்வதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். சக்கரம் தரையை விட்டுத் தரையைத் தொடும் வரையிலானது ஒன்று. நின்ற இடத்திலிருந்து விமானம் முதன்முதலாக நகர்வது தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் முழுதும் நிற்பது வரையிலானது இன்னொன்று; இதைத்தான் ப்ளாக் டைம் என்கிறோம், கால அட்டவணைகள் சொல்வது இந்த நேரத்தையே. வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரையிலானது மூன்றாவது. பெரிய நிலையங்களில் ஓடுபாதைக்குப் போக வரிசையில் நிற்பதே கால் மணி நேரம் ஆகிவிடுவதால் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடைவெளி அதிகம். ஆர்க்னித் தீவுகளில் வரிசையும் இல்லை, நெடிய இணைப்புப் பாதையும் இல்லை. அந்த இடைவெளி மிகக் குறைவே. ஆனால் மூன்றாவது நேரம் அங்கே மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் நீளும். கடல்மூடுபனி இறங்கினாலோ, காற்று ஓடுபாதைக்குக் குறுக்கே வலுத்தாலோ, இரண்டு நிமிடப் பறப்புக்கு ஓர் இரவு காத்திருக்க வேண்டியதுதான். குளிர்காலத்தின் நடுவில் அங்கே பகல் வெளிச்சமே ஆறு மணி நேரம் அளவுதான் இருக்கிறது.

இது ஆர்க்னிக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. கரீபியக் கடலில் சேபா என்ற எரிமலைத் தீவின் விமான நிலையத்தில் ஓடுபாதை 400 மீட்டர். ஒரு முனையிலும் மறு முனையிலும் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. பயணிகள் விமான சேவை நடக்கும் ஓடுபாதைகளில் உலகிலேயே குறுகியது அதுவே. அங்கிருந்து 45 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சின்ட் மார்ட்டன் தீவுக்கு ட்வின் ஆட்டர் என்ற இரட்டை எஞ்சின் விமானம் கால் மணி நேரத்துக்குள் போய்விடுகிறது, படகு ஒன்றரை மணி நேரம் அளவு எடுத்துக்கொள்கிறது. உங்கள் கணக்கோ அந்த வழிக்கும் ஜெட் வேகத்தையே போட்டு 33 நிமிடம் என்கிறது. சேபாவில் ஜெட் விமானம் எதுவும் இறங்க முடியாது. நிலையத்தின் ஓடுபாதை நீளம் உங்கள் தரவுகளிலேயே பெரும்பாலும் இருக்கிறது. அதை ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால், இங்கே எந்த விமானத்தின் வேகத்தைப் போட வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

பசிபிக்கில் நடப்பது இதைவிடப் பெரியது. சமோவாவின் ஃபாலியோலோ நிலையத்துக்கும் அமெரிக்கச் சமோவாவின் பாகோ பாகோ நிலையத்துக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஒரே இனம், ஒரே மொழி, இரு பக்கமும் உறவுக் குடும்பங்கள். ஆனால் ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வணிக நாள்கள் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகச் சமோவா 2011 டிசம்பர் 30-ஆம் தேதியையே விட்டுவிட்டு, 29-ஆம் தேதி வியாழனுக்கு அடுத்த நாள் 31-ஆம் தேதி சனிக்கிழமை என்று, தேதி மாறும் எல்லையான நாட்கோட்டைத் தாண்டிக்கொண்டது. அமெரிக்கச் சமோவா பழைய பக்கத்திலேயே இருந்துவிட்டது. இப்போது இரண்டுக்கும் வேறுபாடு சரியாக 24 மணி நேரம். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு ஃபாலியோலோவில் ஏறுபவர், நாற்பது நிமிடத்தில் இறங்கினால், பாகோ பாகோவில் ஞாயிற்றுக்கிழமை காலை 10.40. கடிகார முள்ளைத் திருப்ப வேண்டியதே இல்லை, நாட்காட்டியை மட்டும் திருப்ப வேண்டும். இந்த இடத்தில், உள்ளூர் நேரத்தை மட்டும் காட்டிவிட்டுக் கிழமையை விட்டுவிடும் ஒரு பக்கம் என்ன செய்துவிடும் என்று எண்ணிப் பாருங்கள். திருமணத்துக்கோ இறுதிச் சடங்குக்கோ போகிறவருக்கு, நேரம் சரியாகவும் நாள் தவறாகவும் சொல்லப்பட்டால் அது சொல்லாமல் இருந்ததைவிட மோசம்.

உங்களில் சிலர் இப்போது தமிழிலும் பக்கங்கள் வெளியிடுகிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் அங்கே "பயண நேரம்" என்ற சொல்லின் கீழ் நீங்கள் இடுவது வானில் பறக்கும் நேரத்தை மட்டுமே. தமிழில் பயணம் என்றால் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போய்ச் சேருவது. படி இறங்கியதும் பயணம் தொடங்கிவிட்டது. இந்த ஒரு சொல்லால் எத்தனையோ வாடிக்கையாளர்கள் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள்: "பயண நேரம் அரை மணி என்று போட்டிருக்கிறதே, நீங்கள் ஏன் ஒரு நாள் வேண்டும் என்கிறீர்கள்?" வானில் இருக்கும் நேரத்துக்குப் பறப்பு நேரம் என்று சொல்லுங்கள். பயண நேரம் என்ற சொல்லை, உண்மையில் அதைக் கணக்கிட்டுச் சொல்லும்போது மட்டும் எடுங்கள். அதேபோல "விமானத் தூரம்" என்பதை விட "நேர்க்கோட்டுத் தூரம்" என்பது உங்கள் கணக்குக்கு உண்மையாக இருக்கும், ஏனெனில் அது விமானம் பறந்த தூரம் அன்று.

லட்சக்கணக்கான நிலைய இணைகளுக்குக் கணினியே பக்கங்களை உண்டாக்குகிறது, ஒவ்வொன்றையும் மனிதர் உட்கார்ந்து பார்க்க முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லவில்லை. கணினியே சரிபார்க்கக்கூடியவற்றையே கேட்கிறேன். இரண்டு நிலையங்களுக்கும் இடையே அட்டவணைப்படி விமானம் இயங்குகிறதா என்பதுதான் முதலாவது. இயங்கவில்லை என்றால் எந்த நேரத்தையும் காட்டாமல் "நேரடி விமானச் சேவை இல்லை" என்று எழுதுவதற்குத் தனி மனிதர் தேவையில்லை. சேவை இருந்தால், உங்கள் சூத்திரம் சொல்வதை விட்டுவிட்டு, அட்டவணையில் உள்ள நேரத்தை அப்படியே போட்டு, அது எந்த மாதத்து அட்டவணை என்றும் எழுதலாம். தூரம் 300 கிலோமீட்டருக்குக் குறைவாகவோ ஓடுபாதை 1,500 மீட்டருக்குக் குறைவாகவோ இருந்தால் ஜெட் வேகத்தைப் போடாதே என்று ஒரே ஒரு கட்டளையைச் சேர்த்தாலே சேபா முதல் பாப்பே வரை பெரும்பாலான தவறுகள் நின்றுவிடும். இந்த இரண்டு எல்லைகளும் என் அனுபவத்தில் தோன்றியவை. உங்கள் வல்லுநர்கள் இதைவிட நல்ல எல்லைகளைக் குறிக்க முடியும். சாலையால் இணைக்கப்படாத தீவுகளுக்கு இடையே கார் நேரம் காட்டும் வரியை நீக்குவது ஒரு நாள் வேலை. நாட்கோட்டின் இரு பக்கமும் உள்ள நிலையங்களுக்குச் சென்று சேரும் கிழமையையும் எழுதுவது அதைவிட எளிது.

சிறு விஷயத்துக்கு இவ்வளவு நீளமான மடலா என்று தோன்றலாம். நான் பாப்பேயில் இறங்கிய நாளில், அதே விமானத்தில் திரும்பிப் போகக் காத்திருந்தவர்களில் ஒருவர் கர்க்வாலில் மருத்துவரைப் பார்க்கப் போகிறார் என்றார்கள். அத்தீவுகளுக்கு வந்துபோகும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் இதே எட்டு இருக்கைகளில்தான் போய்வருகிறார்கள். கர்க்வாலில் தங்கி உயர்நிலைப் பள்ளி படிக்கும் பிள்ளைகள் வீடு திரும்புவதும் இதே வழியில்தான். வெளியூர்க்காரர் ஒருவர் தவறான கணக்கை நம்பி இருக்கையைப் பிடித்துவைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் விட்டுவிட்டால், அந்த இருக்கையை இழப்பது அந்த ஊர்க்காரர். எண்பது இருக்கை உள்ள விமானத்தில் ஒன்று வீணானால் யாருக்கும் தெரியாது. எட்டில் ஒன்று வீணானால் தெரியும்.

என் தொழிலுக்காக, கடந்த சில ஆண்டுகளில், சிறு தீவு நிலையங்களுக்கு இடையே உண்மையில் இயங்கும் வழிகள் முப்பதுக்கு மேல் நானே தொகுத்து வைத்திருக்கிறேன். எந்த விமானம், அட்டவணை நேரம் எவ்வளவு, சுற்றுவழியா நேர்வழியா, எந்தத் துறையில் படகு கிடைக்கும், துறையிலிருந்து தளத்துக்கு எவ்வளவு தூரம் என்பவை அதில் உண்டு. உங்களில் யார் கேட்டாலும் விலை எதுவும் இல்லாமல் கொடுக்கிறேன். முதலில் வெஸ்ட்ரே–பாப்பா வெஸ்ட்ரே பக்கத்தைத் திருத்துங்கள். 30 நிமிடம் என்பதை எடுத்துவிட்டு, "அட்டவணைப்படி 2 நிமிடம், கர்க்வாலிலிருந்து வரும் சுற்றுவழியின் ஒரு பகுதி, சுற்றின் திசை நாளுக்கு நாள் மாறலாம், 8 இருக்கைகள்" என்று எழுதினால் போதும். அந்த வரலாற்று ஆசிரியர் மீண்டும் ஒருமுறை போக வேண்டும் என்கிறார், அடுத்த கோடையில். அதற்குள் அந்தப் பக்கம் திருந்தியிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பயண ஏற்பாட்டாளர் ஒருவர்,
சென்னை.